சோடா தம்ளருக்கு அடியில் இருந்த சீட்டு

என் பெட்டியில் ஒரு மஞ்சள் நோட்டீஸ் கிடக்கிறது. இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். மடிப்புகளில் நைந்துபோய், அவசரமாகப் பிரித்தால் நாலு துண்டாகிவிடும் என்கிற நிலை. ஒரு பக்கத்தில் அச்சு. ‘உலக வரலாற்றுப் பேரொளி, நாநலச் செம்மல், நானிலம் அளந்த நற்றமிழ் வேந்தர்’ என்று பட்டங்களே மூன்று வரிக்கு ஓடுகின்றன. அவற்றைச் சுமக்கிற மனிதரின் பெயர் கடைசியில், பலகையில் இடம் போதாமல் நெருக்கி எழுதியதுபோல, பொடி எழுத்தில். மறுபக்கத்தில் பென்சிலால் என் கையெழுத்தில் நான்கு வரிகள். அந்த நான்கு வரிகளின்மேல் வட்டமாக ஒரு கறை. சோடா ஊற்றிய கண்ணாடித் தம்ளரின் அடிப்பாகம் அது. கறை பட்ட இடத்தில் காகிதம் பொருமியிருக்கிறது. ஆனால் பென்சில் எழுத்து அழியவில்லை. மையால் எழுதியிருந்தால் அன்றைக்கே கரைந்து போயிருக்கும். எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அறுபதுகளில் நான் கடலூர் முதுநகரில் மைக் செட் வைத்திருந்தேன். இரண்டு குழாய் ஒலிபெருக்கி, ஒரு வால்வு ஆம்ப்ளிபயர், ஒரு மைக், இரண்டு கார் பாட்டரி, இவ்வளவுதான் கடை. கூடமாட என் மனைவியின் தம்பி. எனக்கு மச்சான், அவனுக்கு நான் மாமா. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், தீமிதி, எதுவானாலும் சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் ஊரில் யார் எதைப் பேசினாலும் ஒரு சொல் விடாமல் கேட்கிறவன் மைக் செட்காரன் ஒருத்தன்தான். மற்றவர்கள் எழுந்து போகலாம், உட்கார்ந்தபடி தூங்கலாம், வேர்க்கடலை வாங்கப் போகலாம். அவன் இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைப் பிடித்தபடி, ‘நன்றி வணக்கம்’ வரைக்கும் காத்திருக்க வேண்டும். என் படிப்பெல்லாம் அப்படிக் காதால் படித்த படிப்பு. மச்சான் ஒன்று சொல்வான்: “மைக்குல இன்னா பேசுறான்னு வச்சி ஆள எடை போடாத மாமா. மைக்க அணைச்சப்புறம் இன்னா பேசுறான்னு கேளு.” அவன் சொன்னதை எல்லாம் நான் ஊரெல்லாம் திருப்பிச் சொல்லிச் சிரிப்பேன். இதையும் சொல்லிச் சிரித்தேன். கேட்டுத்தான் நடக்கவில்லை.

நோட்டீசில் இருக்கிற அந்தப் பேரொளி சிதம்பரத்துக்காரர். கீழவீதியில் ஒரு மாடியறையில், பரீட்சையில் தவறிய பையன்களுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய பெருமையெல்லாம் படத்திறப்பில். யாராவது செத்துப் பதினாறாம் நாள் படம் திறக்கிறார்கள் என்றால், பரங்கிப்பேட்டையிலிருந்து பண்ருட்டி வரை அவரைத்தான் கூப்பிடுவார்கள். பாசஞ்சர் வண்டியில் வந்து இறங்குவார். பட்டு ஜிப்பா, தோளில் அங்கவஸ்திரம், கையில் பழுப்பு அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகம். மேடையில் அதை மேசைமேல் வைத்து, பேச்சின் நடுநடுவே அதன்மேல் தட்டி, “ஆதாரம் இதோ இருக்கிறது!” என்பார். திறந்து காட்டி நான் பார்த்ததில்லை. ஒருநாள் அவர் கை கழுவப் போன நேரத்தில் மச்சான் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தான். உள்ளே இருந்தது நாலு வருஷத்துக்கு முந்தைய ரயில்வே கால அட்டவணை.

இன்றைக்கு அவரை நினைத்தால் எனக்கு வாய் கசக்கிறது. ஆனால் முதல் ஒரு வருஷம் நான் அந்தக் குரலுக்கு மயங்கிக் கிடந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெண்கல மணி மாதிரிக் குரல். நஞ்சுக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்ட கிரேக்க ஞானியைப் பற்றி அவர் சொன்ன முதல் நாள், கோண்டூரில் ஒரு வாத்தியாரின் படத்திறப்பு, நான் திருகின்மேல் கை வைத்தபடி அழுதேன். நைல் நதியையும், மக்களே கூடி ஆட்சி நடத்திய ஏதென்ஸ் நகரத்தையும், யானைகளை ஏற்றிப் பனிமலையைத் தாண்டிய தளபதியையும் எனக்கு முதலில் காட்டியவர் அவர்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, “அந்த ஆளு கப்பலு எல்லாச் சீமைக்கும் போவுது, நம்ம கடலூருக்கு மட்டும் வரவே மாட்டேங்குதே,” என்பாள்.

அவள் சொன்னது எனக்கு விளங்கக் கொஞ்ச காலம் பிடித்தது. பேரொளியின் கைவசம் ஏழெட்டு உலகப் பெரியவர்கள் இருந்தார்கள். செத்தவர் யாரானாலும் அவர்களில் ஒருவரோடு கட்டிவிடுவார். வாத்தியார் என்றால் கிரேக்க ஞானி. வியாபாரி என்றால் சீனத்துக்குப் போன வெனிஸ் நகரத்துப் பயணி. மருத்துவச்சி என்றால் விளக்கேந்திய சீமாட்டி. சிலம்பம் ஆடியவர் என்றால் தீவில் செத்த பிரெஞ்சுச் சக்கரவர்த்தி. எதிலும் அடங்காதவனுக்குப் பிரமிடு. ‘மன்னர்களுக்குக் கல்லில் பிரமிடு, நம் அண்ணனுக்கு மக்கள் மனதில் பிரமிடு’ என்று ஒரே மாதத்தில் ஒரு மளிகைக்காரர், ஒரு பியூன், ஒரு சாராய வழக்கு வக்கீல் மூன்று பேருக்கும் அவர் பிரமிடு கட்டியதை நான் கேட்டிருக்கிறேன்.

ஆசை யாரை விட்டது? நான் மஞ்சக்குப்பத்தில் இருந்த நகராட்சிப் படிப்பகத்துக்குப் போய், அட்டை கிழிந்த உலக சரித்திரம் ஒன்றை வாரக்கணக்கில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். படிக்கப் படிக்க என் மடியிலிருந்து யாரோ காசை உருவிக்கொண்டு போன மாதிரி இருந்தது. பேரொளி சாய்ந்த கோபுரத்தைப் பாரிசில் நட்டிருந்தார். பிரமிடுக்குள் கிரேக்க மன்னர்களைப் படுக்க வைத்திருந்தார். புரட்சியில் தலை வெட்டப்பட்ட பிரெஞ்சு ராஜாவையும், தீவில் செத்த பிரெஞ்சுச் சக்கரவர்த்தியையும் ஒரே ஆளாக்கி, வெட்டிய தலையோடு அவரைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார். மச்சானிடம் சொன்னேன். “வுடு மாமா, கேக்குறவன் எவன் பாரிசுக்குப் போயி பாத்தான்?” என்றான். நானும் விட்டுவிட்டேன். உலகத்துப் பெரியவர்கள் செத்து எத்தனையோ காலமாகிறது. அவர்களைப் பற்றிப் பொய் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்துவிட்டேன்.

எங்களுக்குள் ஒரு தொழில் பாஷை இருந்தது. பேசும்போது அவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பார். ஆம்ப்ளிபயர் பெட்டி அவருக்குப் பின்பக்கம் இருப்பதால் அந்தக் கை எனக்கு மட்டும் தெரியும். ஒரு விரல் மேலே போனால் சத்தத்தைக் கூட்ட வேண்டும். உள்ளங்கை கீழே போனால் குறைக்க வேண்டும். இரண்டு விரலைச் சேர்த்து மடக்கினால் முழுக்க அணைக்க வேண்டும். அவருக்கு இருமல் வருகிறது, சளி வருகிறது என்று அர்த்தம். கூட்டத்துக்கு அவர் இருமியதே கேட்காது. யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது. அவர் விரல் மடங்கினால் என் கை திருகும். அவ்வளவு பழக்கம்.

அந்தக் காலத்தில்தான் குப்பத்திலிருந்து ஒரு பெண் என் கடைக்கு வந்தாள். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி நின்றாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது.

“அண்ணே, படத்தெறப்புக்கு ரேடியோ செட்டு வேணும்.”

“யாருக்கும்மா?”

“எங்க வூட்டுக்காரருக்கு.”

மரம் கவிழ்ந்து அவள் புருஷன் செத்த செய்தி எனக்கும் தெரியும். கட்டுமரத்தை அங்கே ‘மரம்’ என்றுதான் சொல்வார்கள். நாலு பேர் போனார்கள், இரண்டு பேர் வந்தார்கள். குடித்துவிட்டு மரத்தை அலையில் விட்டுவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. மதுவிலக்கு இருந்த காலம். குடித்தான் என்றால் அது கெட்ட பேர் மட்டுமில்லை, குற்றமும்கூட. நான் அதைச் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

“குடிச்சிட்டுக் கவுத்தாருன்னு முதலாளி சொல்லிக்கினு திரியிறாரு. மரம் அவுரோடது. கட்டுற கயிறு இத்துப்போச்சி, மாத்திக் குடுங்கன்னு எங்க வூட்டுக்காரரு மூணு மாசமா கேட்டாருண்ணே. அன்னிக்குக் காத்து ஜாஸ்தி. யாருமே எறங்கல. இவுங்கள மட்டும் போவச் சொன்னாரு. அலையடியில கயிறு அறுந்து மரம் பிரிஞ்சி போச்சி. எந் தம்பியும் அதுலதான் போனான். அவனயும் இன்னொரு பையனயும் கரையில தள்ளிட்டு, கூட வந்த பெரியவர இட்டாறேன்னு திரும்பிப் போனாரு. போனவருதான்.”

“ஒந் தம்பி சொல்லலாமே?”

“சொன்னான். மாமனுக்காக மச்சான் சொல்றான்னுட்டாங்க. நான் சொன்னா பொண்டாட்டி சொல்றா. அந்த இன்னொரு பையன் முதலாளி வூட்டுல சாப்புடுறவன், வாயத் தொறக்க மாட்டான். செத்துப்போன பெரியவரு வூட்டுல எங்க வாசல்ல மண்ண வாரித் தூத்துறாங்க. எந் தம்பியும் சேந்து குடிச்சவன்தான், அவன இனிமே எந்த மரத்துலயும் ஏத்தக்கூடாதுன்றாங்க. படந்தெறந்த மறுநாளு பஞ்சாயத்து. அதுக்குள்ள ஒரு பெரிய மனுஷன் மைக்குல இத சொல்லிட்டாருன்னா, அது ஊரு பேச்சாயிடும்ண்ணே. மைக்குல வந்தத எங்க ஊருல யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க.”

அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. என் தொழிலை அவ்வளவு உயரத்தில் யாரும் வைத்ததில்லை. நானே பேரொளியைக் கூட்டிவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் வந்தால் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் கூட்டம் வரும், பஞ்சாயத்தார் எல்லாரும் வந்து உட்காருவார்கள் என்றேன். கடலில் செத்த மனிதன்தானே, உலக சரித்திரத்தில் கடலோடிகளுக்கா பஞ்சம்? இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வேறு கண்டத்தில் போய் இறங்கிய மாலுமி ஒருவனே போதுமே, அழகாகச் சேர்த்துச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கையில் அகப்பட்டது அவருடைய பழைய கூட்ட நோட்டீஸ். அதன் வெற்றுப் பக்கத்தில் அவள் சொல்லச் சொல்ல நாலு வரியில் எழுதிக்கொண்டேன். படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். “ஒரு வார்த்த கூட ஜாஸ்தி இல்லண்ணே, ஒரு வார்த்த கூடக் கொறச்சல் இல்ல,” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். கெடிலம் கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கம். பின்னால் பழைய கோட்டையின் இடிந்த சுவர். அதன்மேல் வலை காய்ந்துகொண்டிருந்தது. கீற்றுப் பந்தல், நாலு பீப்பாய்மேல் பலகை போட்ட மேடை. செத்தவருக்குத் தனியாக ஒரு போட்டோ கிடையாது. யாருடைய கல்யாணத்திலோ மூன்றாம் வரிசையில் நின்றவரை வெட்டி எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். பக்கத்தில் நின்றவரின் பாதித் தோளும் கூடவே வந்திருந்தது. அந்தத் தோளுக்கும் சேர்த்து மாலை போட்டிருந்தார்கள். முன்வரிசையில் அந்தப் பெண், அவள் தம்பி. அவர்களைச் சுற்றி ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. யாரும் ஒட்டி உட்காரவில்லை. பஞ்சாயத்தார் பெஞ்சில். மேடையில் பேரொளிக்குப் பக்கத்து நாற்காலியில் முதலாளி. அவரைக் கூப்பிட்டது யார் என்று தெரியாது. கூப்பிடாமலே வந்து உட்காருகிற மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நான் மேடையேறிச் சீட்டைக் கொடுத்தேன். “ஐயா, இந்த நாலு வரிதான் முக்கியம். அந்த அம்மா கேட்டுக்கிட்டது.”

“வரலாறு நமக்குத் தெரியாதா தம்பி?” என்று சிரித்தபடி வாங்கினார். வாங்கி, தன் பெயர் அச்சடித்த பக்கத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார். மறுபக்கத்தைப் பார்க்கவே இல்லை. பென்சில் எழுத்து மேலே தெரிய மேசைமேல் போட்டார். கடல் காற்றில் அது படபடத்தது. பறந்துவிடாமல் இருக்கச் சோடா தம்ளரைத் தூக்கி அதன்மேல் வைத்தார். அதற்குள் முதலாளி எழுந்து ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். போர்த்திவிட்டு, காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பேரொளி தலையை ஆட்டினார்.

பேச்சு ஆரம்பமாயிற்று. முதல் அரைமணி நேரம் ஏதென்ஸ். பிறகு எகிப்து. மச்சான் என் காதில், “மாமா, இன்னும் நைல் நதியில குளிச்சிக்கினு இருக்காரு. எப்பக் கரையேறி எப்பக் குப்பத்துக்கு வர்றது?” என்றான். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “எங்கியோ இடிஞ்சத சொல்றானே, இதோ பின்னால இடிஞ்சி கெடக்குதே, இதுல வெள்ளக்காரன் சண்ட போட்டதாவது இந்தாளுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடியில் இருப்பது எந்தச் சீட்டு என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு அவர் செத்தவரிடம் வந்தார். “தராசு முள் ஒருபக்கம் சாயாத தர்மவான்! கல்லாவில் உட்கார்ந்தாலும் கருணையை மறக்காதவர்!” என்றார். முந்தின வாரம் சிதம்பரத்தில் ஓர் அரிசி மண்டிக்காரருக்குப் பேசியது அது. நான்தான் அங்கேயும் செட் போட்டேன். குப்பத்து ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “இன்னாயா, யாரச் சொல்றான்?” என்று ஒரு குரல். தராசையே தொடாத மனிதனை வைத்துத் தராசைப் பாடிக்கொண்டிருந்தார் அந்த வரலாற்று வேந்தர். தப்பு என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று முதலாளியைத் திரும்பிப் பார்த்துவிட்டு ரோமாபுரிக்குத் தாவினார்.

“ரோமாபுரி ஏன் வீழ்ந்தது? வாளால் வீழ்ந்ததா? இல்லை! வேலால் வீழ்ந்ததா? இல்லை! மதுக் கோப்பையால் வீழ்ந்தது! மாபெரும் சாம்ராஜ்யத்தையே சாய்த்த கோப்பை, ஒரு கட்டுமரத்தைச் சாய்க்காதா? மரம் கொடுத்த வள்ளல் என்ன செய்வார்? வலை கொடுத்த வள்ளல் என்ன செய்வார்? வாழத் தெரியாத தம்பியின் மறைவு நமக்கெல்லாம் ஒரு பாடம்!”

முதலில் கை தட்டியது முதலாளி. பெஞ்சில் இருந்தவர்கள் அதற்குப் பிறகு தட்டினார்கள். படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி வைத்து, அந்தப் படத்துக்கு முன்னாலேயே அந்த மனிதனைக் குடிகாரன் என்று உலக சரித்திர ஆதாரத்தோடு நிரூபித்துவிட்டார்கள். நிரூபித்த கையோடு ரயில்வே அட்டவணையின்மேல் ஒரு தட்டு.

அந்தப் பெண் எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை, பெண்கள் மேடையேறுவது அங்கே பழக்கமே இல்லாததால் எப்படித் தடுப்பது என்றும் தெரியவில்லை. நேராக வந்து, மைக் கம்பியைப் பிடித்தாள். பேரொளி ஓர் அடி பின்வாங்கினார். பின்வாங்கும்போது இடது கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. இரண்டு விரல் சேர்ந்து மடங்கியது.

நான் அணைத்தேன்.

பயமா, மரியாதையா, முதலாளியின் முகமா என்றெல்லாம் பிற்பாடு பலவிதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உள்ளது இதுதான்: விரல் மடங்கியது, கை திருகியது. ஆனால் திருகினபிறகு திருப்பிக் கூட்டுவதற்கு எனக்கு நேரம் இருந்தது. அவள் பேசின நேரம் முழுக்க இருந்தது. திருகு என் கைக்குள்ளேயே இருந்தது.

அவள் பேசினாள். “எங்க வூட்டுக்காரரு குடிக்கல…” என்று ஆரம்பித்தாள். சீட்டில் இருந்ததை அப்படியே, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் சொன்னாள். எதிர்க்காற்று. முதல் வரிசை தாண்டிக் கேட்டிருக்காது. பின்னால் இருந்தவர்கள், “என்னா சொல்லுது? கேக்கல, கேக்கல,” என்றார்கள். அப்போதுதான் குழாயில் தன் குரல் வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து குழாயைப் பார்த்தாள். குழாயிலிருந்து வருகிற கம்பியோடு கண்ணை இறக்கிக்கொண்டு வந்து பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னை. பேரொளியை அவள் பார்க்கவே இல்லை. அவரை அவளுக்கு என்ன தெரியும்?

“நீதானண்ணே எழுதுன?” என்றாள்.

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டாள். நன்றியுரையும் உண்டு. அதற்கு நான் சத்தத்தைக் கூட்டினேன், நன்றாகக் கேட்டது.

சாமான் கட்டும்போது மச்சான் தம்ளரைத் தூக்கி அந்தச் சீட்டை எடுத்து வந்தான். “மாமா, இந்தா ஒன் கடுதாசி. இன்னும் ஈரம் காயல,” என்றான். அன்றைக்கு வண்டியில் என் பக்கத்தில் உட்காராமல், பின்னால் குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்தான்.

மறுநாள் பஞ்சாயத்தில், மைக்கிலேயே வந்தபிறகு பேச என்ன இருக்கிறது என்று முடித்துவிட்டார்களாம். அவள் தம்பியை எந்த மரத்திலும் ஏற்றவில்லை. துறைமுகத்தில் சுமை தூக்கப் போனான். கடலைப் பார்த்தபடியே நாளெல்லாம் நின்றான், கால் மட்டும் நனையவில்லை. அவள் அதற்குப் பிறகு எங்கள் தெரு வழியாகக் கூடை கொண்டு போவதை நிறுத்திவிட்டாள். சுற்றிக்கொண்டு அடுத்த தெருவில் போவாள். அவள் கூவுகிற குரல் மட்டும் கொல்லைப்பக்கம் கேட்கும். மைக் இல்லாமலே நன்றாகக் கேட்கும்.

அதோடு அந்த ஆளின் மூஞ்சியில் விழிக்க மாட்டேன் என்று நான் சபதம் செய்தேன் என எழுத ஆசைதான். அடுத்த வாரமே சிதம்பரத்தில் அவருக்குச் செட் போட்டேன். என்னைக் கண்டதும் தோளில் தட்டி, “அன்னைக்குச் சமயம் பார்த்து அணைச்சீங்களே தம்பி, மைக்குக்காரன்னா நீங்கதான்!” என்றார். நான் பல்லைக் காட்டினேன். அந்தப் பல்லை இப்போது நினைத்தாலும் பிடுங்கிப் போடத் தோன்றுகிறது. அவர் ஒரு வெற்றுப் பாத்திரம். யார் எதை ஊற்றினாலும் அதை எதிரொலியோடு கொட்டுவார். வெற்றுப் பாத்திரத்தின்மேல் கோபப்பட்டு என்ன பயன்? அதைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைத்தவன் நான். ஏதென்சைப் பற்றிப் புத்தகத்தில் படித்துவிட்டு, பேரொளிக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று உள்ளுக்குள் செருக்கோடு திரிந்தவன். நஞ்சுக் கோப்பைக்காக அழுதவன். கண்ணெதிரே ஒருத்திக்கு ஒரு திருகு திருப்ப மனசு வராதவன் எந்த ஞானிக்காக அழுது என்ன?

பல வருஷம் கழித்துப் பேரொளியும் செத்தார். சிதம்பரத்தில் அவருக்கும் படத்திறப்பு. அவரிடம் படித்துத் தேறாத ஒருவர்தான் பேசினார். கிரேக்க ஞானியில் தொடங்கிப் பிரமிடில் முடித்தார். குருவின் பிரமிடு சிஷ்யன் கையால் அவருக்கே திரும்பி வந்தது. கடைசி வரிசையில் இருந்த என்னை யாரோ பார்த்துவிட்டு, ஐயாவோடு பழகியவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மேடைக்கு இழுத்தார்கள். என் பையில் அந்தச் சீட்டு இருந்தது. எதற்காகவோ அன்றைக்கு எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். மைக் முன்னால் நின்றேன். “ஐயாவோட கொரலு மைக்குக்கு ரொம்ப ஒத்துப் போவும்,” என்றேன். கை தட்டினார்கள். இறங்கி வந்துவிட்டேன்.

போன மாதம் பேத்தியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அந்தப் பக்கம் போனேன். குப்பத்தில் கீற்று வீடே இல்லை, எல்லாம் மாடி. மரமும் இல்லை, எஞ்சின் வைத்த பைபர் படகுகள். கோட்டைச் சுவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் அடையாளம் சொல்லி வீட்டைக் கேட்டேன். இருபது வயது இருந்தால் அதிகம்.

“எது தாத்தா? ரோமாபுரி வூடா?” என்றான்.

“அது இன்னாப்பா பேரு, ரோமாபுரி?”

“தெரியல தாத்தா. அப்பிடித்தான் சொல்லுவாங்க. அந்தக் காலத்துல குடிச்சிட்டு மரத்தக் கவுத்தவரு வூடு அது. அந்தம்மா செத்து ரொம்ப நாளாவுது. இப்போ வூட்டுல யாரும் இல்ல.”

உலக சரித்திரத்திலிருந்து அந்தக் குப்பத்துக்கு வந்து தங்கியது அந்த ஒரு சொல். ஏதென்சும் போய்விட்டது, எகிப்தும் போய்விட்டது. அவள் சொன்னது சரிதான். மைக்கில் வந்ததை அங்கே யாரும் இல்லையென்று சொல்வதில்லை.

என்னிடம் இப்போது மைக் இல்லை. ஆம்ப்ளிபயரை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. மச்சானும் போய்விட்டான். இருப்பது இந்த மஞ்சள் காகிதம் மட்டும். அச்சுப் பக்கத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, பென்சில் பக்கத்தை விளக்கடியில் பிடித்திருக்கிறேன். கறை மூன்றாவது வரியின்மேல் அழுத்தமாக விழுந்திருக்கிறது. ஆனாலும் படிக்க முடிகிறது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பேர் ஏழுமலை. அன்றைக்குக் குடிக்கவில்லை.

காற்று நாளில் போகச் சொன்னது முதலாளி. கயிற்றை மாற்றச் சொல்லி இவர் மூன்று மாதம் கேட்டார்.

கயிறு அறுந்து மரம் பிரிந்தது. இவர் கவிழ்க்கவில்லை.

இரண்டு பேரைக் கரை சேர்த்தார். பெரியவரைக் கூட்டிவரத் திரும்பிப் போனார்.